நேரில் போய்க் கூப்பிடுங்க

எங்க பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள். கொடுமுடி, சாலைப்புதூர், சிவகிரி, ஊஞ்சலூர் என்று எந்த ஊரானாலும் இதுதான் வழக்கம். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்துவைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடித்து, "குடும்பத்தோட முன்னாடியே வந்துரோணுங்க" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத வீட்டு விசேஷத்துக்குப் போவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற மண் இது. வாட்ஸப்பில் வந்த பத்திரிகைக்கு ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு அன்றைக்கே மறந்துவிடுவார்கள்.

இதே ஊரில் வளர்ந்த நாம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் யாரையும் இப்படிக் கூப்பிடுவதில்லை. "சர்ச் கதவு தொறந்துதானே இருக்குது, வர்றவங்க வரட்டும்" என்று இருந்துவிடுகிறோம். கதவு திறந்திருப்பது கொங்கு நாட்டில் அழைப்பு ஆகாது. இன்னும் ஒன்றும் சொல்கிறேன். இத்தனை வருஷம் அக்கம்பக்கமாகப் பழகியும் நாம் ஒரு வார்த்தை கூப்பிடாமல் இருந்தால், 'அது அவங்க இடம், நமக்கு அங்கே வேலையில்லை' என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நம்முடைய மௌனத்தை அவர்கள் மரியாதை என்று நினைப்பதில்லை.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அவருக்கு ரொம்ப நாள் பழக்கம். குழம்பு கிண்ணம் இந்தச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து வேறொன்று இந்தப் பக்கம் வரும். ஒருநாள் அந்தப் பெண் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க அக்கா, நோம்பி வந்தா பலகாரம் குடுத்துடறேன், பொங்கலுக்குக் கூப்பிடறேன், பையனுக்கு மொட்டை அடிச்சப்பக் கூட கூப்பிட்டேன். உங்க சர்ச்சுக்கு ஒருக்கா கூட என்னைக் கூப்பிட்டதில்லீங்களே?"

"நீ வருவியோ மாட்டியோன்னு இருந்துட்டேன் கண்ணு."

"வாறதும் வராததும் எம்பாடு. கூப்பிடறது உங்க பாடு இல்லீங்களா?"

இதற்குமேல் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். அழைப்பின் விளைவு நம் கையில் இல்லை. அழைப்பு நம் கையில் இருக்கிறது.

நாம் ஏன் தயங்குகிறோம் என்பது எனக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் ஊருக்கு ஊர் கோபுரமும் மணியும் உண்டு. இங்கே அப்படியில்லை. கொடுமுடி என்றால் மகுடேசுவரர் கோயில். சுந்தரர் பதிகம் பாடிய தலம், சிவனும் பெருமாளும் பிரம்மாவும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுப்பவர்கள் இங்கிருந்துதான் தண்ணீர் முகந்துகொண்டு நடக்கிறார்கள். இப்படி ஒரு ஊரில் நாம் ஒரு சிறு கூட்டம். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க", "மதம் மாத்த வர்றாங்கன்னு பேசுவாங்க", "இருக்கிற சிநேகமும் கெட்டுப்போயிரும்" என்று மூன்று பயம் நமக்குள் இருக்கிறது. மூன்றுமே வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றும் கூப்பிடும் விதத்தைப் பொறுத்தவை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் ஊர் இந்துக் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். காவி உடுத்திக்கொண்டு நடந்தே போகிறவர்களும் உண்டு. அக்டோபரில் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா தேருக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். யாரும் பத்திரிகை வைத்துக் கூப்பிடுவதில்லை. அப்படியானால் தெருமுனையில் இருக்கும் நம் ஆலயத்துக்குள் ஞாயிறு காலையில் ஏன் வருவதில்லை? திருவிழாக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஞாயிறு ஆராதனை வேறு. அங்கே உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது, எந்தப் புத்தகத்தில் எந்த எண் என்று தெரியும். புதிதாக வந்தவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இல்லாமல் அந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்காருவது பெரிய தைரியம். ஆகவே "ஒருநாள் வாங்க" என்று சொல்வது போதாது. "நான் வந்து கூட்டிட்டுப் போறேன், எம்பக்கத்துல உக்காந்துக்குங்க" என்பதுதான் ஆராதனைக்கான அழைப்பு.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழி ஒன்றும் இல்லை. நம் கோயம்புத்தூர் திருமண்டலத்தின் கதையே ஒரு சிநேகிதத்தில்தான் போய் நிற்கிறது. அந்தக் கதையை நம் சபைகளில் சொல்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சாயர்புரத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பம், ஆழ்ந்த தமிழ்ப் படிப்பு, கிறிஸ்தவத்தின் மேல் கடுமையான மறுப்பு. மிஷனரிகள் நடத்திய பள்ளியில் வேலை பார்த்தும் அவர் மனம் அசையவில்லை. அவரோடு பொறுமையாகப் பேசிக்கொண்டே இருந்தவர் தனுக்கோடி ராஜு என்ற நண்பர். அவர் முன்பே கிறிஸ்தவராகிவிட்டவர். படிக்கக் கொடுப்பார், பேசுவார், விட்டுவிடுவார், மறுபடி பேசுவார். 1858-ல் கிருஷ்ண பிள்ளை சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதியவர் இவரேதான். கம்பனை உள்வாங்கிய அந்தத் தமிழ் கிறிஸ்தவத்துக்குக் கிடைத்தது ஒரு நண்பனால்.

கதை அங்கே முடியவில்லை. கிருஷ்ண பிள்ளையின் தாக்கத்தால் கிறிஸ்துவிடம் வந்தவர்களில் ஒருவர் ஏ.எஸ். அப்பாசாமி பிள்ளை. சைவக் குடும்பத்தில் பிறந்த வக்கீல். அவருடைய மகன் ஏ.ஜே. அப்பாசாமி 1891-ல் பாளையங்கோட்டையில் பிறந்தார். 1950-ல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயரானார், இந்தத் திருமண்டலத்தின் முதல் பேராயர் அவர். தனுக்கோடி ராஜு தன் நண்பனிடம் பேசியபோது கோயம்புத்தூர் அவர் நினைவில்கூட இருந்திருக்காது. அந்த வரிசையில்தான் இன்றைக்கு நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்பாசாமியை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கொடுமுடிக்காரர்களுக்கு அவர் மிகவும் தேவையானவர். 1927-ல் அவர் எழுதிய நூல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்த்தது. யோவான் சுவிசேஷத்தை அவர் பக்தியின் கண்ணால் வாசித்தார். 1930-ல் இந்து சமயப் பக்திப் பாடல்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். ஒரு கிறிஸ்தவப் பேராயர், பக்கத்து வீட்டுக்காரரின் பக்தியை மதித்துப் படித்தவர். நம்மில் எத்தனை பேருக்குச் சுந்தரர் நம்ம ஊரில் என்ன பாடினார் என்று தெரியும்? நண்பனின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்காமல், நம் உள்ளத்தில் இருப்பதை மட்டும் சொல்ல வருவது நட்பாகாது. முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டுதல் என்ன, எதற்காகப் பழனிக்கு நடக்கிறார்கள், எந்தக் கவலையில் ராகு கேது பரிகாரத்துக்கு இங்கே வருகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு நீங்கள் பேசும்போது அவர்களும் காது கொடுப்பார்கள்.

ஈரோட்டுப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் போகிறவர்களுக்குப் பிரப் ஆலயமும் பிரப் ரோடும் தெரியும். ஆஸ்திரேலியாவிலிருந்து இலண்டன் மிஷனரி சங்கத்துக்காக வந்த அந்தோணி வாட்சன் பிரப்பின் பெயர் அது. அதே சங்கத்தில், அதே ஈரோட்டில் வேலை செய்த இன்னொருவர் எச்.ஏ. பாப்லி. இந்த மனிதர் நம் இசையைக் கற்றுக்கொண்டார். மேடையில் நின்று பிரசங்கம் செய்வதைவிடக் கதாகாலட்சேபமாகப் பாடிச் சொன்னால் கிராமத்து மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள் என்று கண்டுகொண்டார். 1914-ல் எல்.ஐ. ஸ்டீபனோடு சேர்ந்து இசைவழி நற்செய்திப் பணிக்கு ஒரு கையேடே எழுதினார். 1921-ல் இந்திய இசையைப் பற்றி ஒரு நூல், 1931-ல் திருக்குறள் மொழிபெயர்ப்பு. காலட்சேபத்தைத் தொடங்கியவர் அவர் இல்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதைச் செய்துவிட்டார். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், ஆர்மோனியத்தையும் ஆங்கில மெட்டையும் திணிக்காமல், இந்த ஊர் மக்கள் எதை விரும்பிக் கேட்கிறார்கள் என்று பார்த்தாரே, அந்தப் பண்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் நம் கொடுமுடி. பாட்டு இந்த ஊரின் ரத்தத்தில் இருக்கிறது. உங்கள் நண்பர் பாட்டுப் பிரியர் என்றால், கீர்த்தனைகளை நன்றாகப் பாடுகிற ஒரு ஆராதனைக்குக் கூப்பிடுங்கள். ஒலிபெருக்கியை அலறவிட்டு, கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டு, யாரும் பாடாமல் இருவர் மட்டும் மைக்கில் பாடுகிற ஆராதனைக்கு அவரைக் கூப்பிட்டால் என்ன பிரயோசனம்? கூப்பிடுவதற்கு முன்னால் நம் பாட்டைச் சரிசெய்யலாம். இது பாடகர் குழுவில் இருக்கும் என் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது.

வேதத்தில் இருக்கிற உதாரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அந்திரேயா முதலில் போய்த் தேடியது தன் சொந்தச் சகோதரனை. பிலிப்பு நாத்தான்வேலிடம் வாதாடவில்லை. வந்து பார்க்கச் சொன்னான், அவ்வளவுதான். சமாரியப் பெண் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். மூவருமே தங்களுக்குத் தெரிந்த மனிதர்களிடம்தான் போனார்கள். இதை அசரியா நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல்லில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவைத்தான் சொல்கிறேன். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தன் கையைத் தன் தலைமேல் வைத்து, நற்செய்தியைச் சொல்லும் பொறுப்பு தன்மேல் இருக்கிறது என்று அறிக்கையிடும்படி அவர் செய்வார். பவுல் தன்னைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையைத்தான் அவர்கள் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்களும் அதைச் சொன்னார்கள். அது ஆயருடைய வேலை, உபதேசியாருடைய வேலை என்று ஒதுங்க அவர் யாரையும் விடவில்லை. தோர்ணக்கல் திருமண்டலம் கிராமம் கிராமமாக வளர்ந்தது அப்படித்தான்.

வெளியூர் உதாரணம் ஒன்று போதும். இங்கிலாந்தில் மான்செஸ்டர் திருமண்டலம் 2004-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, அன்றைக்கு ஒவ்வொரு சபையாரும் தெரிந்த ஒருவரை நேரில் அழைத்துவர வேண்டும் என்று சொன்னது. முன்பு ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்களை மனதில் வைத்துத் தொடங்கிய அது, பிறகு பல சபைகளுக்கும் பல நாடுகளுக்கும் பரவியது. நம் சபையிலும் அப்படி நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர், காணிக்கை விஷயத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று மனம் நொந்து ஒதுங்கியவர், வேறு சாமி கும்பிடும் வீட்டில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். புது ஆட்களைத் தேடுவதற்கு முன் இவர்கள் வீட்டுக்கு ஒருதரம் போகலாம். "ஏன் வர்றதில்ல?" என்று கேட்காதீர்கள், அது விசாரணை. "உங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சு, இந்த ஞாயித்துக்கிழமை நம்ம கூட வந்து உக்காருங்க" என்று சொல்லுங்கள்.

இனி கூப்பிட்ட பிறகு வரும் கேள்விகள். நம் நண்பர்கள் வாய்விட்டுக் கேட்பது பாதிதான், மீதியை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

"பொட்டு வெச்சுட்டு வரலாமுங்களா? பூ வெச்சுக்கலாமா?" வரலாம். யாரும் அழிக்கச் சொல்லமாட்டார்கள். அப்படி யாராவது ஒரு பெரியம்மா சொல்லிவிடுவார் என்று பயமிருந்தால், முதலில் அந்தப் பெரியம்மாவிடம் போய்ப் பேசி வையுங்கள். "கறி சாப்பிட்டுட்டு வரக்கூடாதுங்களா?" வரலாம். "வீட்டுக்குத் தூரம்னா?" பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்: எங்கள் ஆலயத்தில் எந்த நாளும் எந்தப் பெண்ணுக்கும் தடை இல்லை. இதைக் கேட்டு ஒரு பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காணிக்கைப் பை வரும்போது விருந்தாளி பதறிப்போய்ப் பர்சைத் தேடுவார். "அது எங்களுக்கு, நீங்க ஒண்ணும் போட வேண்டியதில்லை" என்று முன்பே சொல்லுங்கள். திருவிருந்து ஞாயிறாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எல்லாரும் எழுந்து போகும்போது அவரும் எழுந்து வந்து, பந்தியில் யாராவது கையைக் காட்டித் தடுத்தால் அந்த அவமானத்தை அவர் மறக்கமாட்டார். திருவிருந்து ஞானஸ்நானம் பெற்றுத் திடப்படுத்தல் எடுத்தவர்களுக்கு என்று முன்கூட்டியே விளக்கி, அந்த நேரத்தில் நீங்களும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒருவாரம் கடைசி ஆளாகப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் உண்மையாகச் சொல்லுங்கள். பத்து மணிக்கு முடியும் என்று கூட்டிவந்து பதினொன்றரை வரை உட்கார வைத்தால், தோட்டத்தில் தண்ணி பாய்ச்ச வேண்டியவர், மோட்டார் போட வேண்டியவர், அடுத்தமுறை வரமாட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: "அங்க வந்தா மதம் மாறச் சொல்லுவாங்களா?"

இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. "யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டாங்க. ஒரு வாரம் வந்ததால நீங்க எதுக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. ஆனா நான் நம்புற இயேசுவை நீங்களும் தெரிஞ்சுக்கோணும்னு எனக்கு ஆசை இருக்குது, அதை மறைக்கமாட்டேன்." இவ்வளவும் உண்மை, இவ்வளவையும் சொல்லலாம். நம் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தன் மதத்தைப் பின்பற்றவும் எடுத்துச்சொல்லவும் உரிமை தருகிறது. அடுத்தவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் நடத்தை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆசை காட்டுவதும் பயம் காட்டுவதும் நற்செய்திக்கே அவமானம். "வந்தா வியாதி சரியாயிரும்", "கடன் அடைஞ்சுரும்", "பையனுக்கு ஸ்கூல்ல சீட் வாங்கித் தர்றோம்" என்றெல்லாம் சொல்லி ஒருவரைக் கூட்டி வருவதைவிடக் கூப்பிடாமலே இருக்கலாம். உடம்பு சரியில்லாத நண்பருக்காக ஜெபியுங்கள். அவர் சம்மதித்தால் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள். ஆண்டவருடைய சார்பில் வாக்குறுதி கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை.

அதேபோல, ஆடிப்பதினெட்டன்று காவிரிப் படித்துறையில் நின்று கைப்பிரதி கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆற்றுக்கு முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டுவந்து பக்தியோடு நிற்கும் குடும்பத்தின் கையில் ஒரு காகிதத்தைத் திணிப்பது அவர்களை மதிக்காத செயல். நம் கிறிஸ்மஸ் ஆராதனை நடுவில் யாராவது வந்து அப்படிச் செய்தால் நமக்கு எப்படியிருக்கும்? பெயர் தெரியாத நூறு பேருக்குக் கொடுக்கும் காகிதத்துக்குப் பதிலாக, பெயர் தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்காரலாம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் கொங்கு நாட்டில் இந்த விஷயத்தை எழுதி முடிப்பது நேர்மை ஆகாது. இந்தப் பகுதியில் சபைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களால் கட்டப்பட்டவை. ஊர் அவர்களைச் செருப்போடு தெருவில் நடக்கவிடாத காலத்தில், ஆலயத்தில் எல்லாரோடும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்த வரலாறு நம் பெருமை. ஆகவே ஆதிக்க சாதி நண்பர் ஒருவரைக் கூப்பிடும்போது நம்மவர்களுக்குள் வரும் கூச்சத்தை விட்டுவிடுங்கள். நிமிர்ந்து கூப்பிடுங்கள். அவர் வந்தால் முன்வரிசையில் தனி நாற்காலி போடாதீர்கள், எல்லாரோடும் உட்காரட்டும். அதேசமயம், நமக்குக் கீழே என்று ஊர் சொல்லும் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தால் அவருக்கும் அதே முகம், அதே இடம், அதே டம்ளர். சபைக்குள் சாதி பார்த்துக்கொண்டு வெளியே போய் "வாங்க" என்று சொல்வது பொய்.

பட்டியல் சாதி நண்பர்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கும். 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறினால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். பின்னால் சீக்கியர்களுக்கும் பௌத்தர்களுக்கும் அந்தத் தகுதியைக் கொடுத்தார்கள், கிறிஸ்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்த அநியாயத்தை எதிர்த்துச் சபைகள் இன்றைக்கும் போராடிக்கொண்டிருக்கின்றன. ஆராதனைக்கு வருவதால் சான்றிதழில் ஒன்றும் மாறாது, ஞானஸ்நானம் என்பது தனியாக, நன்றாக யோசித்து எடுக்க வேண்டிய முடிவு என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் சம்பந்தப்பட்ட விஷயம். அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளாமல் கூப்பிடுவது பொறுப்பற்றதனம்.

முதல் அழைப்புக்கு எந்த நாள் நல்லது? கிறிஸ்மஸ் எல்லாருக்கும் சுலபம். கேக் கொடுக்கப் போகிற வீட்டில் அப்படியே சொல்லிவிடலாம். எனக்குப் பிடித்தது அறுப்பின் பண்டிகை. மஞ்சள், வாழைத்தார், தேங்காய், கரும்பு, கட்டுச்சேவல் என்று காணிக்கைப் பொருள்கள் வந்து குவியும், பிறகு ஏலம் நடக்கும். காளிங்கராயன் வாய்க்கால் தண்ணியிலும் காவிரித் தண்ணியிலும் விவசாயம் பண்ணுகிற மனிதருக்கு, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஆராதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏலத்தில் கலந்துகொண்டு ஒரு பூசணிக்காயைச் சிரித்துக்கொண்டே அதிக விலைக்கு எடுத்துப் போவார். அதற்கப்புறம் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கும் கூப்பிடுங்கள். தோரணம் இல்லாத, பிரியாணி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான் நாம் யார் என்று அவருக்குத் தெரியும்.

அப்படி வருகிறவர் என்ன பார்ப்பார்? மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின், நற்செய்தியை ஜனங்களுக்கு விளக்கிக் காட்டுவது சபையின் வாழ்க்கைதான் என்று வலியுறுத்தினார். பிரசங்கம் நன்றாக இருந்து, வெளியே வந்ததும் கமிட்டித் தேர்தலைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தால், விருந்தாளி எதை வீட்டுக்குக் கொண்டுபோவார்? தேர்தல் வழக்குகளும் கோஷ்டிகளும் நம் திருச்சபைகளைப் பிடித்திருக்கிற நோய். அழைப்பு ஒரு நல்ல மருந்தும்கூட என்று நான் நம்புகிறேன். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

வராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவர்கள் வரமாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். கொங்குத் தமிழில் அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியும். வருத்தப்படாதீர்கள், விடாமல் நச்சரிக்கவும் செய்யாதீர்கள். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக் குழம்பு கிண்ணம் வழக்கம்போல உங்கள் வீட்டுக்கு வர வேண்டும், உங்கள் கிண்ணம் அங்கே போக வேண்டும். சர்ச்சுக்கு வரவில்லை என்று குறைந்துபோகிற நட்பு, ஆரம்பத்திலேயே நட்பாக இருந்ததில்லை. அவர் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தால் கஞ்சி வைத்துக் கொண்டுபோங்கள். அவர் என்றைக்குமே நம் ஆலயத்துக்கு வராவிட்டாலும் இதெல்லாம் செய்ய வேண்டியவைதான்.

ஆகவே சபையாரே, இந்த வாரம் உட்கார்ந்து ஜெபித்து ஒரே ஒருவர் பெயரை எடுங்கள். போன் வேண்டாம், வாட்ஸப் வேண்டாம், வீட்டுக்கே போங்கள். ஆராதனை நேரத்தைச் சொல்லுங்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் இன்னொருதரம் ஞாபகப்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பே அவர் வீட்டு வாசலில் இருங்கள்.